சாட்டர்டே டென்டிஸ்டுக்கு ஓர் ஆள்

மீஞ்சூரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் முனிகிருஷ்ணன் செய்கிற முதல் காரியம், இயர்போனின் ஒரு முனையைத் தன் வலது காதில் செருகிக்கொண்டு இன்னொரு முனையைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவது.

"ஒரே ஒரு பாட்டு கேளுங்க. புடிக்கலன்னா குடுத்துடுங்க" என்பார்.

கொடுத்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் காலை ஷிப்டுக்குப் போகும் அந்தப் பெட்டியில் அவரை அறிந்தவர்கள், அவர் கை சட்டைப் பைக்குப் போவதைக் கண்டதுமே கண்ணை மூடிக்கொள்வார்கள். தூக்கத்தை நடிக்கத் தேவையில்லாத ஜனங்கள்தான். முனிக்காகக் கொஞ்சம் சேர்த்து நடிப்பார்கள்.

அவர் நீட்டுவது சினிமாப் பாட்டு அல்ல, கானா அல்ல, சாமிப் பாட்டும் அல்ல. இங்கிலீஷ் ராக். அதிலும் பெயர் பெற்ற ராக் அல்ல. ஊர் பேர் தெரியாத நாலு பேர் யார் வீட்டுக் கார் கொட்டகையிலோ கூடி வாசித்து, கொஞ்சம் பிரதி போட்டு, அதிலும் பெரும்பகுதியைத் தங்கள் வீட்டுப் பரணிலேயே வைத்துக்கொண்ட வகை. இண்டி என்றும் ஆல்டர்நேடிவ் ராக் என்றும் அதற்குப் பெயர். "எதுக்கு ஆல்டர்நேடிவு?" என்று தாவீது ஒரு நாள் கேட்டார். "கேக்கறதுக்கு ஆள் கீற பாட்டுக்கு" என்றார் முனி. அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. விளக்கம்தான் சொன்னார்.

தாவீது அதே ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். முனியைவிட நாலைந்து வயது மூத்தவர். இயர்போனைத் திருப்பிக் கொடுக்காத ஒரே பயணி அவர்தான். அதற்குக் காரணம் ரசனை என்று சொல்லிவிட முடியாது. காதில் ஒன்று செருகியிருப்பதை மறந்துவிட்டு, தங்கச்சி மாப்பிள்ளையைப் பற்றியும் சர்ச் கமிட்டியைப் பற்றியும் கவரைப்பேட்டை வரை பேசிக்கொண்டே வருவார்.

"ணா, பாட்டு ஓடுது."

"ஓடட்டும் நைனா, நான் இன்னா புடிச்சா வெச்சினுகீறேன்?"

முனிக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. இருந்த ஓரிரண்டும் கான்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆகாமலேயே காலாவதியாகிவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்று. சாட்டர்டே டென்டிஸ்ட் என்றொரு குழு போட்ட ஒரே ஒரு இசைத்தட்டை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, உயிரோடு இருக்கும் ஒரு மனிதர் தன் கண் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும். பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கேட்டால் போதும். இதைவிடச் சின்ன ஆசையை எடுத்துக்கொண்டு ஒரு மனிதன் தோற்பது சுலபம் அல்ல. முனி வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்தார்.

அந்தத் தட்டு அவரிடம் வந்த வழி, கப்பல் வழி. முனி வேலை பார்ப்பது பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலையில். எந்தெந்த தேசத்திலோ ஓடி முடித்த கார்களை நசுக்கி, மெத்தை மாதிரி மடித்து, கன்டெய்னரில் அடைத்து அனுப்புவார்கள். தாவீது மேலே கிரேனில் உட்கார்ந்து காந்தத்தால் அந்த மெத்தைகளைத் தூக்கிப் போடுவார். முனி கீழே நின்று, உலைக்குப் போகக் கூடாததைப் பொறுக்கி எடுப்பார்: ரப்பர், பிளாஸ்டிக், முக்கியமாக மூடி போட்ட டப்பாக்கள். மூடிய டப்பா உலைக்குள் போனால் வெடிக்கும். முனி வந்த பிறகு எதுவும் வெடித்ததில்லை. வெடிக்காத விஷயத்துக்கு யாரும் கை குலுக்குவது இல்லை.

நசுங்கிய கார்களில் சிலவற்றில் பாட்டுப் பெட்டி மட்டும் தப்பித்திருக்கும். உள்ளே ஒரு சிடி மாட்டிக்கொண்டிருக்கும். சிடி பிளாஸ்டிக், அதைப் பொறுக்கி எடுப்பது அவருடைய கடமை. கடமையைச் செய்தார். எடுத்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல் டிபன் பையில் போட்டார், அவ்வளவுதான். ஆக, அவருடைய ரசனை உருவான விதம் இது: காரை விற்கும்போது எவனும் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மதிக்காத பாட்டு எதுவோ, அது. நல்லதை எடுத்துக்கொண்டுதான் காரைத் தள்ளுவார்கள். தள்ளியதை முனி நேசித்தார். முதலில் வேறு வழியில்லாமல்; பிறகு பிடிவாதமாக; அதற்கும் பிறகு, யோசித்துப் பார்க்கையில், உண்மையாகவே.

சாட்டர்டே டென்டிஸ்ட் அப்படி வந்ததுதான். இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுக ஊரைச் சேர்ந்த நாலு பேர் என்று போனில் தேடித் தெரிந்துகொண்டார். ஒரு தட்டு போட்டார்கள், விற்கவில்லை, பிரிந்துவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மொத்தத்தையும் நெட்டில் ஏற்றி வைத்திருந்தான். அதைக் கேட்டவர்கள் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை ஏற்றியது முனிதான்.

தட்டின் சிறப்பு கடைசிப் பாட்டில் இருந்தது. கித்தார்கள் எல்லாம் சேர்ந்து இரைச்சலாக ஏறி, ஏறி, இனி தாங்காது என்கிற இடத்தில் சட்டென்று நிற்கும். அமைதி. அந்த அமைதிக்குள் தூரத்தில் ஒரு சின்ன மணி. கடைக் கதவில் கட்டிய மணி போல, யாரோ கதவைத் திறந்து வெளியே போவது போல, மெல்லிசாக. அந்த மணிக்காகத்தான் மற்ற பாட்டெல்லாம் என்று முனி நம்பினார். மொத்தத் தட்டும் முக்கால் மணி நேரம். மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி அரை மணிக்குச் சற்று மேல். ஆகவே அந்த ரயிலில் யாரும் மணி வரைக்கும் வந்ததில்லை.

வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தார். 'புதுசு ஒண்ணு பழசு ஒண்ணு' என்று பெயர். ஞாயிறுதோறும் புதிதாக வந்ததில் ஒன்றும், யாரும் கண்டுகொள்ளாமல் போன பழையதில் ஒன்றும் சிபாரிசு செய்வார்.

"புதுசு: வெட் மேட்ச்பாக்ஸ். ஷில்லாங் பொண்ணுங்க மூணு பேரு. டிரம்ஸ் அடிக்கிற பொண்ணு யார் மேலயோ கோவத்துல கீது. மத்த ரெண்டு பேரும் அத எப்படி சமாதானம் பண்றதுன்னு தெரியாம வாசிக்கிறாங்க. கேக்கலாம்."

"பழசு: பார்ட் டைம் லைட்ஹவுஸ். பாடறவருக்குப் பாட வராது. அத அவரு மறைக்கவும் இல்ல. பெரிய மனசு."

இந்த வரிகளுக்குப் பதிலாக காலை வணக்கம் ரோஜாப்பூ வரும், யாருக்கோ ரத்தம் தேவை என்று வரும், சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் விலகுவார்கள். கடைசியில் குழுவில் எஞ்சியது தாவீது, முனி, முனியின் இன்னொரு சிம்.

ஒரே தடவை பெரிய வாய்ப்பு ஒன்று கிடைத்தது. ஆயுத பூஜை. ஷெட்டில் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டி, வெளியிலிருந்து சவுண்டு செட் வரவழைப்பார்கள். அந்த வருஷம் பாட்டுப் பொறுப்பை, பாட்டில் ஆசையுள்ளவர் என்ற ஒரே தகுதியில், முனியிடம் கொடுத்தார்கள். பொரி கடலைக்காக மொத்த ஆலையும் ஒரே ஷெட்டில் நிற்கிறது. ஓட முடியாது. முனி தட்டைப் போட்டார்.

முதல் கித்தார் வந்ததும் சவுண்டு செட் வசந்தகுமார் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுண்டலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். சுவிட்சை அணைத்தார்.

"இன்னாப்பா நிறுத்திட்ட?"

"ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிட்ச்சிணா. கர்ருன்னு வருது, கேக்கல?"

"அது கித்தாரு. அப்படித்தான் வரும்."

"எனக்கே சொல்றியா? நான் எவ்ளோ கிழிஞ்ச கோனு பாத்துகீறேன்."

வசந்தகுமார் பாக்ஸைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, கோனை வெளியே எடுத்து வெயிலில் காட்டிப் பார்த்தார். கிழியவில்லை. மாட்டிவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் கர்ரென்றது. அடுத்த பாக்ஸைக் கவிழ்த்தார். பூசாரி கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரோ பின்னாலிருந்து, "யோவ் ராக்கு முனி, லாரி ஸ்டார்ட் ஆவாத சத்தத்தையெல்லாம் ரெக்கார்டு பண்ணி எட்த்துனு வந்துகீறியே" என்றார்கள். ஷெட்டே சிரித்தது. அதற்குப் பிறகு வசந்தகுமார் தன்னுடைய பென்டிரைவைச் செருகினார். எல்லார் முகமும் தெளிந்தது. முனியும் பொரி வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஆலை அவரை ஒரு விஷயத்தில் கௌரவித்தது. இரும்பு மேல் இரும்பு விழுகிற அந்த இடத்தில் எல்லாரும் காதை மூடும் மஃப் போட்டாக வேண்டும் என்று சட்டம். வியர்க்கிறது என்று யாரும் போடுவதில்லை. முனி மட்டும் ஷிப்டு முழுக்கக் கழற்றவே மாட்டார். பாதுகாப்பு வாரத்தில் சேஃப்டி ஆபீசர் அன்புசெல்வன் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, "காதோட மதிப்பு தெரிஞ்ச ஒரே தொழிலாளி இவர்தான்" என்று சொல்லி ஒரு ஹாட்பாக்ஸ் பரிசளித்தார். கைதட்டல் அடங்குமுன் முனி மஃபைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார். மஃபுக்குள்ளே இயர்போன் இருந்தது. கிரேன் போடுகிற சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டும் என்றால் எவ்வளவு வைக்க வேண்டுமோ அவ்வளவு வைத்திருந்தார். பல வருஷமாக.

வருஷத்துக்கொரு முறை காது பரிசோதனை வண்டி வரும். வேனுக்குள் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். வெளியே சோதிக்கிற பெண் பொத்தானை அழுத்துவாள். காது மந்தம் என்று எழுதினால் சத்தமில்லாத இடத்துக்கு மாற்றுவார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சத்தமில்லாத இடம் என்பது அவரவர் வீடு. அதனால் அந்த வேனுக்கு ஒரு தந்திரம் உண்டு, புதிதாகச் சேர்கிறவனுக்கு மஃபுக்கும் முன்னால் சொல்லித் தருவது: காதைக் கவனிக்காதே, கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் தோளைக் கவனி. தோள் அசைந்தால் கையைத் தூக்கு. இப்படித்தான் மொத்த ஷெட்டும் நார்மல். தாவீது நார்மல். முனியும் நார்மல். விசித்திரம் என்னவென்றால், தோளைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு வந்த முனி, நார்மல் என்று காகிதம் வந்தபோது அதை முழுசாக நம்பினார். பரிசு வாங்கிய காது அல்லவா.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்டர்டே டென்டிஸ்டைப் போட்டுக் கேட்டபோது மணியைக் காணோம்.

கித்தார்கள் ஏறின. நின்றன. அமைதி. அமைதி அப்படியே தட்டு முடியும் வரை போயிற்று. சிடி தேய்ந்திருக்கும் என்று நெட்டில் இருந்ததைப் போட்டார். அதிலும் இல்லை. எவனோ வாலை வெட்டி ஏற்றியிருக்கிறான் என்று முடிவு செய்தார். முன்பு அதிலேயே கேட்ட ஞாபகம் வந்தது. அப்படியானால் பிறகு வெட்டியிருக்கிறான். மனிதனுக்குத் தன் காதைத் தவிர எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும். முனி அந்தப் புண்ணியவானைச் சந்தேகித்தார், போன் கம்பெனியைச் சந்தேகித்தார், இயர்போனை மாற்றினார். இருந்தும் ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

சாட்சி அகப்பட்டது சிக்னலால். ஷிப்டு விட்டுத் திரும்பும் மத்தியான ரயில், கவரைப்பேட்டை தாண்டி வயல்வெளியில் நின்றுவிட்டது. ஒரு எக்ஸ்பிரஸ் போயிற்று. இன்னொன்று போயிற்று. தாவீதின் போனில் சார்ஜ் இல்லை. தங்கச்சி மாப்பிள்ளை பற்றிய செய்திகளும் தீர்ந்துபோயிருந்தன.

"ணா, ஒரு ஒத்தாச."

"டப்பு இல்ல."

"டப்பு வேணாம். இதக் கடைசி வரிக்கும் கேட்டு, கடைசில ஒரு மணி வருதா பாத்துச் சொல்லணும். ரெண்டு காதுலயும் வெச்சிக்க."

"ரெண்டையும் குடுக்கிறியா?" தாவீது ஆச்சரியப்பட்டார். இத்தனை வருஷத்தில் இடது முனையைத் தவிர அவர் வேறொன்றைக் கண்டதில்லை. "சரி குடு. பேஜாரு புட்ச்ச வண்டி, எடுக்கறதுக்குள்ள எங்கம்மா கல்யாணமே முட்ஞ்சிடும்."

செருகிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டேய், இதுல ஒருத்தன் பாடறான்டா."

"பாடாம?"

"எனுக்கு எப்பவும் டமடமன்னு மோளம் மட்டும்தான கேக்கும். பாட்றதே இல்லாத பாட்டுன்னு இல்ல நெனச்சினு இருந்தேன்."

அந்தத் தட்டில் மேளமும் ஒரு கித்தாரும் இடது பக்கம், குரலும் இன்னொரு கித்தாரும் வலது பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ரயிலில் வருஷக்கணக்காக, குரல் இருந்த பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு, குரல் இல்லாத பக்கத்தை அவர் உலகத்துக்குச் சிபாரிசு செய்திருக்கிறார். தூங்குவது போல நடித்த அத்தனை பேரையும் அவர் மனசுக்குள் மன்னித்தார். மன்னிப்பு கேட்க வேண்டியது தான்தான் என்பது அடுத்த எக்ஸ்பிரஸ் போகும்போதுதான் உறைத்தது.

தாவீது ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பாட்டுக்குப் பாட்டு அவர் முகம் மாறுவதை முனி பார்த்தார். எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்று அந்த முகத்தை வைத்தே சொல்ல முடிந்தது. வண்டி நகர்ந்து பொன்னேரி வந்தது. அனுப்பம்பட்டு வந்தது. மீஞ்சூரில் இருவரும் இறங்கி, பிளாட்பாரத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தாவீது இயர்போனைக் கழற்றவில்லை. கடைசிப் பாட்டு. ஏறுகிறது. நின்றது. முனி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

தாவீது காதிலிருந்து எடுத்து மெதுவாகச் சுருட்டினார்.

"நம்ம ஷெட்டு மாதிரியே கீது நைனா. கரெண்டு போச்சின்னா திடீர்னு எல்லாம் நிக்கும் பாரு, அது மாதிரி கடைசில. அப்ப ஒரு மாதிரி ஆவும் இல்ல, மனசு? அது."

இதற்குமேல் ஒரு விமர்சனம் அந்தத் தட்டுக்கு எந்த தேசத்திலும் வந்திருக்காது. முனி அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மணி?"

"இன்னா மணி?"

"நின்னப்புறம். தூரத்துல. சின்னதா."

"மணியும் இல்ல, மாதாகோயிலும் இல்ல. கம்முனு கீது. நல்லாத்தான் உத்துக் கேட்டேன்."

முனிக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. வால் வெட்டப்பட்டதுதான். ரெண்டு பேருக்குக் கேட்கவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம். ரெண்டு பேரும் ஒரே இரும்புக் குவியலின் மேலும் கீழும் நிற்கிறவர்கள் என்பது அவர் கணக்கில் வரவில்லை. வாழ்க்கையில் கேட்டது கிடைத்த நாள் அது. ஒரு முழு மனிதர், ஒரு முழுத் தட்டு.

அந்த ஞாயிறு வாட்ஸப் குழுவுக்கு எச்சரிக்கை எழுத உட்கார்ந்தார். "பழசு: சாட்டர்டே டென்டிஸ்ட். உஷார். நெட்டுல கீறதுல கடைசி மணிய எட்த்துட்டாங்க." எந்த நிமிஷத்தில் என்று துல்லியமாகக் குறிக்க, போனை அடுப்பு மேடைமேல் வைத்து ஸ்பீக்கரில் ஓடவிட்டார். மனைவி ஹேமாவதி கீழே உட்கார்ந்து பழவேற்காட்டு இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த இசையை மழை மாதிரி நினைத்தாள்; பெய்யும், நிற்கும், அதற்கு அபிப்பிராயம் தேவையில்லை.

கித்தார்கள் நின்றன.

"இன்னாங்க, வாசல்ல யாருன்னு பாருங்க. மணி அடிக்கிறாங்க."

முனி எழுந்து போய்ப் பார்த்தார். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. திரும்பி வந்தார். பாதி வழியில் நின்றார்.

"எப்ப அட்ச்சாங்க?"

"இப்பத்தான். இந்த ரோதனை நின்னதும். டிங்கு டிங்குன்னு. ஐஸ்காரன் மாதிரி."

அவர் போனை எடுத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி வைத்தார். "கேக்கும்போது கையத் தூக்கு."

"கையெல்லாம் கவுச்சி."

"தூக்கு ஹேமா."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் இறாலைக் கீழே வைத்தாள். பாட்டு ஏறியது. நின்றது. முனிக்கு அமைதி. ஹேமாவதி ஈர விரலைத் தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள். இறக்கினாள். மூன்றாவது முறை கொஞ்சம் தாமதித்துத் தூக்கி, "அவ்ளோதான், பூட்டான்" என்றாள்.

"நல்லா கீதா?"

"இன்னாது?"

"அந்த மணி."

"மணி மணி மாதிரிதான் கீது." அவள் இறாலுக்குத் திரும்பினாள். "இதுக்குத்தானா இத்தினி வருசமா அந்தக் கத்து கத்தினாங்க?"

முதலிலிருந்து ஒருமுறை கேட்கிறாயா என்று கேட்க வாயெடுத்தார். குழம்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது. அது அவருக்கே கேட்டது. எழுதி வைத்த எச்சரிக்கையை அழித்தார். அந்த வாரம் குழுவுக்கு ஒன்றும் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் ரயிலில் தாவீது இடம் பிடித்து வைத்திருந்தார். "அந்த மணி மேட்டர போட்டியா? நான் பாக்கல."

முனி அவர் காதைப் பார்த்தார். காந்தத்துக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த காது. காகிதத்தில் நார்மல். சொல்லலாம். சொன்னால் இன்னொரு ஆளுக்குத் தெரிந்துவிடும் என்பதைத் தவிர எதுவும் மாறாது; அடுத்த தடவை வேன் வரும்போது அவரும் தோளைத்தான் பார்க்கப் போகிறார்.

"போடல ணா. பைலு கெட்டுப்போச்சி, அவ்ளோதான்."

"நான்தான் சொன்னேனே." தாவீது கையை நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவராகக் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. "வேற எதுனா கீதா? நல்லா சத்தமா கீறதா குடு நைனா. இப்பல்லாம் எவனும் வாயத் தொறந்தே பாட மாட்றான்."

முனி போனில் தேடினார். சத்தமாக இருப்பது நிறைய இருந்தது. குரல் இருக்கிற முனையை இந்தத் தடவை தாவீதிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தன் காதில் செருகி, எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினார்.